ஒன்பது நாள் சரி

கொண்டியோமாக்கிக்கு வடக்கே
முப்பத்தோரு வருடம்
தண்டவாளம் பார்த்து நடந்தவன் நான்.
குனிந்து, இரும்புக்குக் கன்னத்தைக் கொடுத்து
ஒரு கண்ணை மூடினால் போதும்,
கோடு எங்கே கோணியது என்று
கருவி வருமுன் சொல்லிவிடுவேன்.
மூடுவது எப்போதும் வலது.
இடதுதான் வேலைக்காரன்.
வலது சும்மா கூட வந்தது.

வேலைக்காரன்தான் முதலில் போனான்.

எப்போது போனான் என்று கேட்காதீர்கள்.
இரண்டையும் திறந்தே வைத்திருப்பவனுக்கு
அது தெரியாது.
ராத்திரி வீடு திரும்பாத அண்ணனுக்காக
அம்மாவிடம் பொய் சொல்லும் தம்பி மாதிரி
வலது கண்
இடதின் ஓட்டையை
அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.
ஒரு நாள் ஏரியில்
தூண்டில் முள்ளில் நூல் கோர்க்கப்
பழக்கதோஷத்தில் வலதை மூடினேன்.
ஏரி இருந்தது. அக்கரை மரங்கள் இருந்தன.
என் விரல்கள் இருந்த இடத்தில் மட்டும்
ஈரக் காகிதத்தில் யாரோ
கட்டைவிரலை அழுத்தித் தேய்த்திருந்தார்கள்.

கயானி ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஹெய்குரா படம் காட்டினார்:
விழித்திரைக்கு அடியில் நீர் கசிந்து
மேலே இருப்பதைத் தூக்குகிறது,
அதனால்தான் நேர்கோடு வளைகிறது,
புரிகிறதா?

எனக்கா!
மண்ணுக்குள் உறைந்த நீர்
ரயில்பாதையை முதுகால் தூக்கும் குளிர்காலங்களில்
மரச்சில்லு செருகிச் செருகி
மட்டம் பார்த்தவனிடமா?
"இங்கே சில்லு எங்கே செருகுவீர்கள்?"
"ஊசி" என்றார்.
"கண்ணுக்குள்ளா?"
"கண்ணுக்குள்."
ஆனால் இடதில் தழும்பு விழுந்துவிட்டதாம்.
தாமதம்.
வலதில் இன்னும் நீர் இல்லை,
மஞ்சள் மஞ்சளாய்ச் சில பொட்டுகள் மட்டும்.
காவல் இருங்கள் என்று
கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்தார்.

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.
காப்பிக்கு முன்னால், கண்ணாடி போட்டுக்கொண்டு,
இடதைக் கையால் மூடி
நடுப்புள்ளியை வலது பார்க்க வேண்டும்.
கோடுகள் நேர் என்றால்
நாட்காட்டியில் பென்சிலால் 'சரி.'
நாலு வருடம்.
"ரயில் ஒன்றும் வரவில்லை,
இன்ஸ்பெக்டர் மட்டும் நிற்கிறார்" என்பாள் லஹ்யா.
வலதுக்குக் கீரை, மீன், வெயில் கண்ணாடி,
இடதுக்கு ஒன்றுமில்லை.
ஒரு கண்ணுக்கு வெண்ணெய்,
ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
புள்ளிக்குக் கீழே, இடமிருந்து ஒன்பதாம் கோட்டில்
ஒரு கடுகு புகுந்திருந்தது.
தாளைத் துடைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன்.
விளக்கை மாற்றினேன்.
கோடு கடுகைச் சுற்றிப் போயிற்று.

'சரி' என்று எழுதினேன்.

புதன், 'சரி.' வியாழன், 'சரி.'

வெய்க்கோ மொய்லானன்.
எழுபத்தெட்டில், மைனஸ் முப்பதில்,
பாதையில் நடக்காமலே
குடிசை அடுப்பருகில் உட்கார்ந்து
பதினோரு கிலோமீட்டருக்குச் 'சரி' எழுதியவன்.
ரயில் கவிழவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
மேலே எழுதிப்போட்டது நான்.
வேலை போயிற்று அவனுக்கு.
சோம்பேறி என்றுதான் இத்தனை காலம் நினைத்தேன்.
அன்றைக்கு வெளியே போய்ப் பார்க்க
அவனுக்குப் பயமாக இருந்திருக்குமோ?

பத்தாம் நாள்
காப்பி நீட்டிய லஹ்யாவின் வாய்
கன்னத்துக்கு நகர்ந்திருந்தது.
சொன்னேன்.
அவள் திட்டவில்லை. நாட்காட்டியைக் கழற்றி
"எந்தத் தேதியிலிருந்து?" என்றாள்.
ரப்பரால் அழித்த சத்தம் மட்டும் கேட்டது,
ஒன்பது தடவை.

இதுவரை ஏழு ஊசி.
நீர் வடிகிறது, திரும்ப ஊறுகிறது.
அந்த ஒன்பது நாள் கிடைத்திருந்தால்
எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று கேட்டதற்கு
டாக்டர் பதில் சொல்லவில்லை.
முகத்தைப் பார்த்து நான் ஊகிக்கவும் வழியில்லை.

மொய்லானன் இன்னும் இருக்கிறானாம்,
பல்தாமோவில் முதியோர் விடுதியில்.
வசந்தத்தில் போக வேண்டும்.
இப்போதெல்லாம் ஒரு முகம் தெரிய
அதன் காதுக்கும் அப்பால் பார்க்க வேண்டியிருக்கிறது,
காகம் மாதிரி தலையைச் சாய்த்து.
கண்ணைப் பார்க்கக் கூசுகிறான் என்று
அவன் நினைப்பான்.
நினைத்துக்கொள்ளட்டும்.