முந்நூறு கிராம்

கச்சான் வீசுகிற மாசம்.
கல்லடி வேலூர், கடலிலிருந்து மூன்றாவது ஒழுங்கை.
வனஜோதி மிஸ் இரவு டியூட்டி முடித்து வந்து
பகலில் நித்திரை தேடுகிறவ.
ஏசி குளிரவில்லை என்று போன் பண்ணியிருந்தா.

வெளிப்பெட்டியைத் திறந்தேன்.
உப்புக்காற்று அலுமினியத் தகடுகளைத் தின்று
மாவாக்கி வைத்திருந்தது.
சவர்க்கார நுரை தடவினேன்.
ஒரு வளைவில் முட்டை முட்டையாய்ப் பூத்தது.

"காஸ் அடிச்சு விடுங்க சர்ஜூன்" என்றா.
போன வருசமும் அதைத்தான் செய்தேன்.
அதற்கு முதல் வருசமும்.
அடித்ததெல்லாம் எங்கே போனது என்று
அவ கேட்டதில்லை. நான் சொன்னதுமில்லை.

ஏறாவூரிலிருந்து கல்முனை வரை
பதினாலு வருசம்
எத்தனை வால்வைத் திறந்து விட்டிருப்பேன்!
ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.
விரல் விறைக்கும்.
மறுகா ஒரு பிளேன்டீ.
அது மேலே போய் நின்று
இந்தக் கச்சானுக்கு விறகு வைக்கிறது என்று
கொழும்பில் மூன்று நாள் வகுப்பில்
ஒரு படம் போட்டுக் காட்டினார்கள்.
அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை
என்று சொன்னால் பொய். இறங்கியது.
இரவுதான் கணக்குப் பார்த்தேன்.

புது மெஷினுக்குள் புரோப்பேன் என்றேன்.
மிஸ்ஸின் முகம் மாறியது.
"அடுப்புக் காஸா?
சிலிண்டர் வெடிச்ச வருசம்
எரிகாய வார்ட்டில நிண்ட ஆள் நான்."

ஒண்டும் ஆகாது என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை.
"பிழையாய்ப் பூட்டினால் பத்தும்.
மணமும் இராது, கசிந்தால் நிலத்தோடு படுக்கும்.
அதுதான் உங்கட பழைய பெட்டிக்குள்
அதை அடிக்கமாட்டன்.
மலிவாய் அடித்துத் தாறன் என்று
யார் வந்தாலும் விடாதேங்க."

"உள்ளுக்கு எவ்வளவு?"
"முந்நூறு கிராம்."
கையை நீட்டி, இல்லாத ஒன்றை
நிறுத்துப் பார்த்தா.
குறைமாசப் பிள்ளைகளை
கிராம் கணக்கில் ஏந்திப் பழகிய கை.
"ஒரு இறாத்தல் பாணிலும் குறைய" என்றா.
பிறகு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"பூட்டுங்க."

ஜன்னல் இரண்டையும் திறந்து,
சாமி விளக்கை அணைக்கச் சொல்லி,
குழாயை வெறுமையாக்கி, தராசில் வைத்து
எண் ஏற ஏற மூச்சைப் பிடித்து.
திரும்பவும் நுரை தடவினேன்.
இந்த முறை ஒன்றும் பூக்கவில்லை.

பழைய பெட்டியில் மிஞ்சிக் கிடந்த காஸை
வானத்துக்கு விடவில்லை.
உறிஞ்சி சிலிண்டரில் அடைத்துக் கொண்டுவந்தேன்.
அதை வாங்க ஊரில் ஆளில்லை.
கொழும்பு லொறி எப்ப வரும் என்று கேட்டால்
பார்ப்பம் என்கிறார்கள்.

கடை மூலையில் நிற்கிறது,
இதுவரை சேர்ந்தது பதினொரு கிலோ.
வெயில் நகர நகர
நானும் அதை நகர்த்தி வைக்கிறேன்.