இருபத்தேழாம் கேள்வி

ஹுவேய்நிங் இரண்டாம் உயர்நிலைப் பள்ளி,
மறுபடி எழுதுவோர் வகுப்பு.
எழுபத்தொரு பேர்,
எல்லோரும் போன வருடம் கொஞ்சத்தில் தவறவிட்டவர்கள்.
எனக்குப் பதினாறு மதிப்பெண் குறைந்தது.
அதில் பதினொன்று ஆங்கிலத்தில் போனது என்று
கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்றைய பயிற்சியில் ஸ்காட்லாந்துக் கிழவர் ஒருவர்
தனியாகப் படகைப் பழுது பார்க்கிறார்.
மூன்றாம் பத்தியில்
"அது அவரைத் தூங்க விடவில்லை" என்று வருகிறது.
கேள்வி இருபத்தேழு:
அடிக்கோடிட்ட 'அது' எதைச் சுட்டுகிறது?
படகு, கடல், மனைவியின் கடிதம், முட்டி வலி.
நான் கடிதத்தைக் கறுப்பாக்கினேன்.
விடைத்தாளில் முட்டி வலி.

தௌ ஆசிரியை சொல்வார்:
மனசை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு
உள்ளே போ.
விடை வரியில் இருக்கிறது,
வரிக்கு வெளியே ஒன்றுமில்லை.

ஒன்பது நாற்பதுக்குப் போன் கையில் வந்தது,
இருபது நிமிடத்துக்கு.
அம்மாவின் குரல், பதினோரு விநாடி:
"தா வந்தாச்சு. உடம்பு பாதியாப் போச்சு.
சாப்பிட்டாச்சு, இப்பத் தூக்கம். நீ படி."

திருப்பிக் கூப்பிட்டேன். அணைந்திருந்தது.
உருளைக்கிழங்கு மாவு ஆலையில் இரவு ஷிப்ட்,
போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.
என் போனும் சுவரில் தொங்கும் துணிப்பையில்
நாற்பத்து மூன்றாம் எண்ணுக்குள் போய்விட்டது.

எங்கள் பேச்சில்
அவனும் தா, அவளும் தா, அதுவும் தா.
எழுதினால் மூன்றுக்கும் மூன்று எழுத்து,
வாய்க்கு ஒன்றே.
அதனால்தான் ஆங்கிலத்தில் நான்
அப்பாவை ஷி என்கிறேன், தௌ ஆசிரியையை ஹி என்கிறேன்.
வகுப்பே சிரிக்கும்.
சிரித்து முடித்து எழுந்தவனும் அதையே சொல்வான்.

ஆக, தா எதைச் சுட்டுகிறது?

ஏ. அப்பா.
சாலை போட சிங்ஹாய் போய் மூன்று குளிர்காலம்.
முதல் வருடம் பணம் வந்தது,
இரண்டாம் வருடம் குறுஞ்செய்தி வந்தது.

பி. அக்கா யுன்ஷியா.
அவனோடு ஷியாமெனுக்கு ரயிலேறிய அன்று
அவள் கிண்ணத்தை அம்மா கழுவித் துடைத்து
அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்தாள்.

சி. பூனை.
ஆகஸ்டில் ஒரு கிழங்கு லாரிக்கு அடியில்
வாலைப் பார்த்தது கடைசி.

டி. கொடுத்த பகுதியிலிருந்து அறிய முடியாது.

ஆதாரம் தேடுகிறேன்.
உடம்பு பாதியானது மூவருக்கும் பொருந்தும்.
சாப்பிட்டாச்சு என்று பூனையைப் பற்றிச் சொல்வாளா?
சொல்வாள்,
அப்பாவைப் பற்றிச் சொல்வதைவிட விரிவாகவே.
பேசுபவரின் மனநிலை யாது என்றும் கேட்கலாம்.
தாத்தா போனதையும் முட்டை விலை ஏறியதையும்
ஒரே குரலில் சொன்னவளிடம்
அந்தக் கேள்வி செல்லாது.

குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் இருந்தது,
கிண்ணத்தை எங்கோ வைக்கிற சத்தம்.
மேசையிலா, தரையிலா?
அதைக் கேட்பதற்குள்
பதினோராவது விநாடி தீர்ந்துவிட்டது.

விளக்கணைத்தார்கள்.
மேல்கட்டிலில் ஹுய்மின் போர்வைக்குள் முணுமுணுக்கிறாள்:
கோ, வென்ட், கான்.
கம், கேம், கம்.
போவதற்கு மூன்று முகம்.
வருவது மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
புறப்பட்ட முகத்தோடேயே நிற்கிறது.
இத்தனை நாள் மனப்பாடம் செய்தும்
இதை நான் கவனித்ததில்லை.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நோட்டைத் திறந்தேன்.
எழுவாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு,
நாளைக் காலை நிரப்பலாம்.
வினையில் சந்தேகமில்லை.
ஹியோ ஷியோ இட்டோ,
படர்க்கை, ஒருமை,
ஹாவ் அல்ல, ஹாஸ்.
தேர்வுக்குத் தேர்வு நான் தொலைக்கிற எஸ்,
போன வருடம் மட்டும் அதற்கு இரண்டு மதிப்பெண்.

இன்று கோடு போடுவதற்கு முன்பே
அதை எழுதிவிட்டிருந்தேன்.