மூன்றாவது வேண்டாம்

ஏற்காட்டில் பக்கத்துக் காட்டேஜில்
ஏதோ ஒரு காலேஜ் பிள்ளைகள், எட்டுப் பேர்.
நடுவில் இடுப்பளவு காப்பிச் செடிகள்தான்.
பேச்செல்லாம் இந்தப் பக்கம் விழுகிறது.

நாங்கள் தொண்ணூற்றாறில் முடித்த செட்.
சர்க்கரை மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து
முதல் பெக் என்று
விவாதம் நடக்கிறது.

அன்று ஐந்து பேருக்கு ஒரு குவார்ட்டர்.
மெஸ் பணத்தில் கைவைத்தது.
ஐந்து ரோட்டு ஒயின்ஸில்
கம்பிக்குள் யார் கை நீட்டுவது என்று
சீட்டுக் குலுக்கினோம்.
தொட்டுக்கொள்ளத் தட்டுவடை செட்டு,
வாசனைக்குக் கொய்யா இலை.
வார்டன் மூக்கைத் தாண்டியவன் அன்றைக்கு ராஜா.
யார் எவ்வளவு குடித்தான் என்று எண்ணியதில்லை.
குடிக்காதவனை எண்ணினோம்.

அர்த்தநாரி வேண்டாம் என்றான்.
சிரித்தோம்.
வேண்டாம் என்றான்.
அவன் ஊர்ப் பேரைச் சொல்லி,
அவன் அம்மா பேரைச் சொல்லிச் சிரித்தோம்.
மூன்றாவது வேண்டாமை
நான்தான் டம்ளர் விளிம்பால் மூடினேன்.
எவர்சில்வர் டம்ளர். அவனுடையதேதான்.
அவன் பெயர் வெட்டியிருந்தது.

செடிகளுக்கு அப்பால் ஒரு பெண்:
"எனக்கு இன்னிக்கு வேணாம்டா."
காதைத் தீட்டிக்கொண்டு
சிரிப்புக்குக் காத்திருக்கிறேன்.
"சரி. சோடால இஞ்சி தட்டிப் போட்டுத் தரவா?"
அவ்வளவுதான்.
பேச்சு அரியர் பேப்பருக்குப் போய்விட்டது.

உத்தமர்கள் ஒன்றும் இல்லை அவர்கள்.
ஒருவன் வாந்தியெடுக்கிறான்,
முதுகைத் தடவிக்கொடுத்தபடியே
இன்னொருவன் வீடியோ எடுக்கிறான்.
ஒற்றைப் பாட்டிலுக்கு அவர்கள் கொடுத்ததில்
எங்கள் ஒரு செமஸ்டர் மெஸ் பில் அடங்கும்.
படியில் ஒரு பையன் தனியாக,
காதில் ஹெட்செட்டோடு
நிதானமாகக் குடிக்கிறான்.
அவனைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை.

இருந்தாலும் அந்தச் சரி.
நாலு வருடம், அறுபது பேர்,
ஒருவர் வாயிலும் வராத
இரண்டெழுத்து.

அர்த்தநாரி இந்த முறை வரவில்லை.
போன முறையும்.
அஸ்தம்பட்டிப் பக்கம் ஏதோ சிகிச்சை மையமாம்,
மூன்றாவது தடவையாம்.
அவன் தம்பி சொன்னதாகச் செங்கோட்டுவேல்
குரூப்பில் போட்டான்.
நாற்பத்தொரு பேர்
கைகூப்பும் பொம்மை அனுப்பினோம்.

"மச்சான், உனக்கு?"
பாட்டிலைச் சாய்க்கிறான் பொன்னுரங்கன்.
வேண்டாம் என்கிறேன்.
சிரிக்கிறார்கள்.
வேண்டாம்.
இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே
சேலம் விளக்கெரிய,
டம்ளர் நெருங்கி வருகிறது.
பிளாஸ்டிக்.
யார் பெயரும் இல்லாதது.