பாதி பெஞ்சு

எட்டே முக்காலுக்கு வேன் வந்து நிற்கும்.
முதலில் இறங்குவது அழுகை,
அதன் பின்னால் ரியோனா.
அடுத்து ஒரு ஷூ.
ஷூவுக்குரியவன் சீட்டுக்கு அடியில்
இன்னொன்றைத் தேடிக்கொண்டிருப்பான்.

தேவகோட்டை ரஸ்தாவில் மாதா கோயிலை ஒட்டி
ஆஸ்பெஸ்டாஸ் போட்ட எல்.கே.ஜி.
இருபத்து மூன்று பேர்.
எண்ணுவதுதான் என் வேலை:
உள்ளே வரும்போது, பாத்ரூம் வரிசையில்,
தூங்கும்போது, எழுந்த பின்.
கனவிலும் எண்ணுகிறேன், ஒன்று குறைகிறது.

எதிரே நின்று சிலுவை போடக் கற்றுத்தருகிறேன்.
அவர்கள் வலது கையைத் தூக்க
நான் இடது கையைத் தூக்க வேண்டும்,
கண்ணாடி மாதிரி.
அவர்களுக்குச் சரியாக வரட்டும் என்று
ஏழு வருடமாகத் தப்பாகப் போடுகிறேன்.
ஞாயிறு பூசையிலும் இடது கைதான் எழும்புகிறது.
பக்கத்துப் பெண் ஒரு மாதிரிப் பார்க்கிறாள்.

ஜெபம் முடிந்தால் எல்லோரும் "ஆமென்".
உமையாள் மட்டும் "ஆமா".
திருத்தினால்,
"ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்?"
சிஸ்டர் ஜெசிந்தாவிடம் கேட்டேன்.
சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு
சிரித்தபடி போய்விட்டார்.

அந்த சிஸ்டர்தான் ஒரு செவ்வாய்க்கிழமை
படம் கொண்டுவந்து காட்டினார்:
ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில்
ஒரு காவல் சம்மனசு உண்டு.
படம் பீரோவுக்குள் போய்விட்டது.
சம்மனசுகள் போகவில்லை.
மறுநாளிலிருந்து ஆளாளுக்குப்
பாதி பெஞ்சில்தான் உட்கார்கிறார்கள்.
நான்கு பேர் பெஞ்சில் இரண்டு பேர்,
மற்றவர்கள் தரையில், சண்டையில்.
"மிஸ், கவினேஷ் என் சம்மனசு மேல உக்காந்துட்டான்!"
நபீல் மட்டும் கவலையில்லாமல் இருந்தான்.
"எனக்கு ரெண்டு. தோளுக்கு ஒண்ணு.
உக்காந்து எழுதிக்கிட்டே இருப்பாங்க.
அத்தா சொன்னாக."
அவன் சம்மனசுகளுக்குப் பெஞ்சு வேண்டாம்.
அதற்கும் ஓர் அழுகை எழுந்தது,
தங்களுக்கும் இரண்டு வேண்டுமென்று.

பத்தரைக்குத் தின்பண்டம்.
டப்பா மூடி திறக்கும் வேலை இருபத்து மூன்று முறை.
சட்டையில் குத்திய கைக்குட்டையைக் கழற்றி
ஜெரோவின் எதையோ மடிக்கிறான்:
நீண்ட கழுத்து, இரண்டு சிறகு.
சிஸ்டர் குனிந்து, "பரிசுத்த ஆவியாடா?"
"வாத்து, சிஸ்டர். ரூம் நம்பர் நாலு."

அவன் அம்மா கானாடுகாத்தானில்
ஹோட்டலாகிவிட்ட ஒரு பெரிய வீட்டில்
வெள்ளைக்காரர்கள் கட்டிலில் வைக்கத்
துண்டுகளை வாத்தாக மடிப்பவள்.

நேற்று அங்கே இரண்டு பஸ் நிறைய ஆட்கள்.
மூன்றரைக்கு வர வேண்டியவள் வரவில்லை.
வேன் போயிற்று. பெருக்கிவிட்டு
ஆயா ஞானசவுந்தரியும் போனார்.
ஐந்து மணி. போன் எடுக்கவில்லை.
இருபத்து மூன்றில் ஒன்று என்னோடு.

பையில் இருந்த பாக்கெட்டைப் பிரித்து
ஒரு பிஸ்கட் கொடுத்தேன்.
கையை எடுக்காமல் நீட்டியே இருந்தான்.
இன்னொன்றும் கொடுத்தேன்.
ஒன்றைக் கடித்தான்.
மற்றதைப் பெஞ்சின் காலி பாதியில் வைத்தான்.
சற்று நேரத்தில் எறும்பு வந்தது.
"சாப்புடுது மிஸ்" என்றான்,
என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

கோயிலில் ஆறு மணி அடித்தபோது
டி.வி.எஸ். சத்தம்.
சோப்புத்தூள் வாசனையோடு ஓடிவந்தாள்.
"நாப்பத்தெட்டுத் துண்டு மிஸ்" என்றாள்,
வேறெதுவும் சொல்லவில்லை.
திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம்
எங்கே போனதென்று தெரியவில்லை.

கல்லல் பஸ்ஸில்
இரண்டு பேர் சீட்டில் இடம் கிடைத்தது.
பலாப்பழக் கூடையோடு ஓர் அம்மா,
"ஆள் வருதாத்தா?"
"ஆமா" என்று வாயில் வந்துவிட்டது.
அப்போதுதான் பார்த்தேன்,
நான் ஜன்னலோரம் ஒடுங்கிக் கிடந்ததை.
"இல்ல, உக்காருங்க" என்றேன்.
கூடை பெரியது.
மூன்று பேரும் இடித்துக்கொண்டுதான் போனோம்.