மூன்று மணி மறுதொடக்கம்

கிளைபெடா துறைமுகம், கட்டுப்பாட்டு அறை.
பால்டிக் காற்று கண்ணாடியைத் தள்ளுகிறது.
எவுகேனியுஸின் பதிவேட்டில்
ஒவ்வோர் இரவுக்கும் ஒரே வரி:
"03:00. திரை திணறியது. அணைத்துப் போட்டேன்."
ஆறு வருடம். எழுத்து மாறவில்லை,
மை மட்டும் நீலத்திலிருந்து கறுப்பு.

கசிவு என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள்.
இங்கே ஒரு சொட்டும் ஒழுகவில்லை.
வாங்கியதைத் திருப்பித் தராமல்
இறுக்கிப் பிடித்திருப்பதற்கு
யார் வைத்த பெயரோ.

கப்பலின்மேல் சொடுக்கினால்
சிறு பெட்டி விரியும்: பெயர், கொடி, வேகம்.
பெருக்கல் குறியைத் தட்டினால் மறையும்.
கண்ணுக்கு மறையும், அவ்வளவே.

நினைவகத்தை ஒரு படம் எடுத்தேன்.
நூறு முறை திறந்து மூடினேன், மணிக்கட்டு வலிக்க.
மறுபடி ஒரு படம்.
ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால்
பூஜ்யம் வரவேண்டும்.
நூறு வந்தது.

முதலில் கொடிகளைச் சந்தேகித்தேன்.
பாவம், அவை ஒழுங்காக இறங்கிப் போயிருந்தன.
பிறகு எழுத்துரு. ஒரு மதியம் வீண்.
பிறகுதான் பின்னோக்கி நடந்தேன்,
பெட்டியை யார் பிடித்திருக்கிறார்கள்,
அவரை யார், அவரை யார் என்று.
கடைசியில் நின்றது
திரை மூலையில் ஓடும் கடிகாரம்.

பிறந்ததும் ஒவ்வொரு பெட்டியும் அதனிடம் கேட்கிறது,
நொடிக்கொரு தரம் என்னையும் கூப்பிடு என்று.
போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை.
கடிகாரமோ வாக்குத் தவறாது.
மூடிய பெட்டிகள் இருட்டில் விழித்து
வேகம் கணக்கிடுகின்றன, யாருக்கும் காட்டாமல்.

நாலாயிரத்துச் சொச்சம் பெட்டிகள்.
அவற்றில் இருநூற்றுப் பதினாறு ஒரே கப்பல்:
கார்ல்ஸ்ஹாம்ன் போகும் "வகாரே".
புயல் இரவில் எடுத்த படம் அது.

இது ஏன் இத்தனை என்றேன்.
"மகன். எந்திர அறையில் இருக்கிறான்,"
என்றார் எவுகேனியுஸ்.
காபிக் கெண்டியை நிரப்பத் திரும்பிக்கொண்டார்.
அது ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது.

மூடும் இடத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
கடிகாரமே, என் பெயரை அடித்துவிடு.
படிக்கட்டாய் ஏறிய வரைகோடு
ரம்பப் பல்லாய் ஏறி இறங்கத் தொடங்கியது.

அன்றிரவு மூன்று மணிக்கு
அவர் எழுந்தார், பொத்தான்வரை போனார்,
கையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.
பதிவேட்டில் "03:00" என்று மட்டும்.

வில்னியஸ் ரயிலில் என் மடிக்கணினி
இடம் போதவில்லை என்கிறது.
மற்ற படங்களை அழித்துவிட்டேன்.
இருநூற்றுப் பதினாறு வகாரேக்கள் உள்ள கோப்பு
இரண்டரை ஜிபி.
அதை நாளைக்குப் பார்க்கலாம்.