உங்கள் கடையின் பெயர் இங்கே

மாலை ஆறு வரை ரூஸே நகரத்துப் பல் மருத்துவமனையில்
வலிக்கிறவர்களை வரிசையில் உட்காரச் சொல்பவள்.
ஆறரைக்குமேல், டான்யூப் ஆற்றுக்கு முதுகு காட்டிய
எங்கள் சமையலறையில்
சதுரங்கள் விற்பவள்.

முப்பது சதுரம் ஒரு கட்டு. ஒன்பது டாலர்.
தளம் தன் பங்கைக் கடித்துக்கொண்டதுபோக
என் கைக்கு ஏழு சொச்சம்.

'ஞாயிறு விடுமுறை', 'புது வரவு',
'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்'.
யார் வாயிலிருந்து வரப்போகிறது என்று தெரியாமல்
எழுதிவைக்கும் பேச்சு.
பெயர் வரவேண்டிய இடத்தில்
'உங்கள் கடையின் பெயர் இங்கே'.
படம் வரவேண்டிய இடத்தில்
ஒக்னியான் குடித்துவைத்த காப்பிக் கோப்பை,
அடியில் தங்கிய மண்டி தெரியாத கோணத்தில்.

ஒக்னியான் டிராலிபஸ் ஓட்டுகிறான்.
"உலகத்தில் இருக்கிற சதுரம் போதாதா?" என்பான்.
நவம்பரில் வீட்டைச் சூடாக்கிய கட்டணத்தைச்
சதுரங்கள் கட்டியபின் கேட்பதில்லை.
அவனே கோப்பையைத் திருப்பிவைக்கிறான்,
கைப்பிடி இடப்பக்கம்.

எங்கே படித்தாய் என்றால்
குடியிருப்பின் வாசற்கதவைக் காட்டுவேன்.
செத்தவர்களைத் தாளில் அச்சிட்டு ஒட்டுவது இங்கே வழக்கம்.
கறுப்புக் கரை, நடுவில் முகம், பெயர், இரண்டு தேதி.
நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.
சாவியைத் துழாவும் நேரத்துக்குள்
கண் முழுதும் படித்துவிட வேண்டும்.
மூன்றாம் மாடி ஸ்தோயன்காவின் தாளில்
எழுத்து கரையை முட்டிக்கொண்டு நின்றது.
ஒரு விரற்கடை உள்ளே தள்ளியிருக்கலாம்.
அழாமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விற்றால் கைபேசி ஒருமுறை சிணுங்கும்.
ராத்திரி மூன்றுக்கு வின்னிபெக்கில் நகம் திருத்தும் நிலையம்.
விடியலில் வால்பரைசோவில் நாய் குளிப்பாட்டுகிறவர்.
பிறகு ஹாலிஃபாக்ஸில் ஒரு ரொட்டிக்கடை,
என் பூசணி நிறத்தின்மேல்: 'விரைவில் திறக்கிறோம்'.
அந்தக் கடையை மட்டும் பின்தொடர்ந்தேன்,
பத்திரிகை வைக்கப்படாத உறவுக்காரியைப் போல
ஒரு விருப்பக்குறிகூடப் போடாமல்.

பதினான்கு மாதம்.
ஒரு புதன்கிழமை அதே சதுரம், அதே பூசணி நிறம்.
'திறக்கிறோம்' இருந்த இடத்தில் 'மூடுகிறோம்'.
'விரைவில்' அப்படியே இருந்தது.

திறப்பதற்கு நாற்பது மாதிரி வைத்திருந்தேன்.
மூடுவதற்கு ஒன்றுமில்லை.
அன்றிரவே உட்கார்ந்தேன். சத்தமில்லாத நிறங்கள்.
நடுவில் கடையின் முகத்துக்கு இடம்,
இரண்டு தேதிக்கு இடம், நல்ல அகலமான ஓரம்.
'இத்தனை நாள் வந்தீர்கள்' என்று ஒரு வரி.
ஒக்னியான் எட்டிப் பார்த்தான்.
"இதை எவன் காசு கொடுத்து வாங்குவான்?"

வாங்கினார்கள்.
திறப்புவிழாக்கள் எல்லாம் கூடி வருடத்தில் விற்றதை
அது இரண்டே மாதத்தில் விற்றது.
குளிர்காலக் கட்டணம், பிறகு நான்கு டயர்,
பிறகு சலவை இயந்திரத்துக்கு முன்பணம்.
சிணுங்கும்போதெல்லாம் எங்கோ ஒரு ஷட்டர் இறங்குகிறது
என்று முதலில் தூக்கம் கெட்டது.
இப்போது ஏழு சொச்சம் என்றும் கேட்கிறது.
இரண்டும் ஒரே சத்தம், பிரிக்க முடியவில்லை.

நேற்று ஒன்று கண்ணில் பட்டது. எந்த ஊரோ.
அவசரமோ, கண் மங்கலோ,
தேதியைத் தவிர எதையும் மாற்றாமல்
ஒக்னியானின் கோப்பையோடு போட்டிருந்தார்கள்:

உங்கள் கடையின் பெயர் இங்கே
சனிக்கிழமையோடு மூடுகிறது.

கீழே பதினேழு பேர்.
"ஐயோ, இனி அந்தப் பட்டை ரொட்டிக்கு எங்கே போவேன்?" என்று ஒருத்தி.
"என் மகள் முதல் சம்பளம் வாங்கியது இங்கேதான்" என்று ஒருவர்.
எந்தக் கடை என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாற்ற மறந்துவிட்டீர்கள் என்று
எழுதிச் சொல்லலாமா வேண்டாமா?
சனிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.