கன அடி

எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது.
லீ பஜார் மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிறவனுக்கு
ஓதம் என்றால் தரையில் ஏறும் ஈரம்.
மூட்டைக்கு அடியில் பலகை போட்டால் போதும்.

அதே சொல்லுக்குக் கடற்கரையில் வேறு பொருள் என்று
சொன்னவன் தீர்த்தகிரி.
நாகைப் பக்கம் மூன்று வருடம் உப்பு லாரி ஓட்டியவன்,
முகத்துவாரத்தில் தூண்டில் போடப் பழகியவன்.
'ஓதம் வத்துற நேரத்துல வாயில படகு நின்னுச்சுன்னா
ஆறு பின்னாலருந்து தள்ளும்,
அலை முன்னாலருந்து அறையும்.
மணல்திட்டு நேத்து இருந்த எடத்துல இருக்காது.
ஆனா நெலா சொல்லிரும்டா.
நாள் பார்த்துப் போனா ஒண்ணும் இல்ல.'

ஞாயிறு காலை எடப்பாடி பஸ்.
அங்கிருந்து பூலாம்பட்டி.
பையில் தட்டுவடை செட் இரண்டு பொட்டலம்,
மண்புழு ஒரு டப்பா,
அவனுடைய புது ராடு;
அதற்கு இன்னும் நான்கு தவணை பாக்கி.

கதவணைக்குக் கீழே ஆறு
எலும்பும் தோலுமாய்க் கிடந்தது.
பொன்னுரங்கம் பரிசலில் கொண்டுபோய்
நடுப்பாறையில் இறக்கிவிட்டு
'பதினோரு மணிக்கு வரேன்' என்று திரும்பினார்.
எனக்கு ஒன்றும் சிக்கவில்லை.
'உன் கைவாசத்துக்கு மீனெல்லாம்
ஏற்கெனவே கொழம்பாயிட்டோம்னு நெனச்சுக்கும்'
என்று சிரித்தான்.
அவனுக்கு மூன்று ஜிலேபி, ஒரு கெளுத்தி.

முதலில் எறும்புகள்.
பாறை இடுக்கிலிருந்து முட்டையோடு மேலே வந்தன.
மழை வரும் என்றேன்.
வானத்தில் பொட்டு மேகம் இல்லை.
பிறகு தண்ணீரின் வாசம் மாறியது,
நாள்பட்டு பூட்டிக் கிடந்த அறையைத் திறந்த மாதிரி.
செருப்பை விட்ட கல்லைத் தேடினேன்.
செருப்பு இல்லை என்பது உடனே தெரிந்தது.
கல்லே இல்லை என்பது
கொஞ்சம் கழித்துத்தான்.

சங்கு ஊதினார்களாம்.
கரையில் யாரோ ஆயில் மோட்டார் போட்டிருந்தார்கள்.

எங்கள் ஓதத்துக்கு நிலா கிடையாது.
எங்கோ ஓர் அறையில்
மின்விசிறிக் காற்றுக்கு ஒரு தாள் படபடக்கும்.
பேப்பர்வெயிட் நகரும், கையெழுத்து விழும்.
பௌர்ணமியும் இல்லை, அமாவாசையும் இல்லை,
வெறும் ஞாயிற்றுக்கிழமையில்
ஆறு எழுந்து நிற்கும்.

பொன்னுரங்கம் வந்தார்.
ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன்.
மேலேறிப் போய், தட்டாமாலை சுற்றிக்கொண்டே இறங்கி,
பாறையை ஒரே ஒரு முறை உரசிப் போகிற வழியில்
துடுப்பை நீட்டினார்.
என் கை துடுப்பில்.
அவன் கையில் ராடு.
முள் எதிலோ மாட்டியிருந்தது,
பாறையிலோ, இதுவரை அவன் பிடிக்காத பெரிய மீனிலோ.
'அறுத்து விடுடா' என்றேன்.
'ஒரு நிமிஷம்' என்றான்.

மூன்றாம் நாள் கோனேரிப்பட்டிக் கதவணையில்
ஆகாயத்தாமரைக்கு நடுவே இருந்தான்.
மணிக்கட்டில் நைலான் நரம்பு நான்கு சுற்று.
ராடு கிடைக்கவில்லை.
தவணைக்காரன் மாதம் தவறாமல் போன் செய்தான்.
நான்தான் கட்டினேன்.

இப்போது ஆற்றுக்குப் போவதில்லை.
ஞாயிறு காலை, பஸ் புறப்படும் நேரத்துக்கு
அணை அலுவலகத்துக்குப் போன் போடுவேன்.
'எவ்வளவு சார்?'
யார் என்று கேட்பதை அவர் நிறுத்திவிட்டார்.
ஓர் எண்ணைச் சொல்லி வைத்துவிடுவார்.
பேரேட்டில், சனிக்கிழமைக் கணக்குக்குக் கீழே எழுதுவேன்:
விரலி பதினெட்டு மூட்டை.
கிழங்கு ஏழு.
கன அடி ஆறாயிரத்து நானூறு.

வருடக் கடைசியில் ஆடிட்டர்
மஞ்சள் படிந்த பக்கத்தில் விரலை வைத்துக் கேட்டார்,
இது என்ன சரக்கு,
ஏன் இருப்பில் காணோம் என்று.